இல்லாத மேடு

பாலத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆயிரத்து இருநூறு மீட்டர். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், முப்பது மீட்டருக்கு ஒரு இடமாக மட்டம் பார்த்து எழுத வேண்டும், மொத்தம் நாற்பது இடம். மளமளவென்று பார்த்தால் ஐந்து மணிக்கு முடிந்துவிடும், ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டி போய்ச் சேரலாம். செண்பகவல்லிக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இருபது வருஷமாக லெவல் மெஷினைச் சுமந்துகொண்டு இந்தக் கரிசல் காட்டைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தவள். ஆனால் மூன்று மணி வெயிலில் பாலத்து முனையில் ஸ்டாண்டை விரித்து அதன் மூன்று கால்களையும் மிதித்து இறுக்கும்போதே மனசு அவளை விட்டுவிட்டு இருபத்தெட்டாவது இடத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. வா என்றால் வரமாட்டேன் என்கிறது சனியன். இருபத்தெட்டாவது இடம் எதுவென்று பேப்பரைப் பார்க்க வேண்டியதே இல்லை, இங்கிருந்தே தெரிகிறது. இந்தச் சீமையில் எல்லாமே எங்கிருந்தும் தெரியும், மறைக்க ஒன்றும் கிடையாது. புரட்டாசி உழவு முடிந்து கறுத்துக் கிடக்கிற பூமியில், ரோட்டுக்குத் தெற்கே, பூசாத பன்னிரண்டு வீட்டுச் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. போன வெள்ளத்தில் ஓடைக்கரையில் குடிசை போனவர்களுக்குக் கட்டுகிற வீடுகள். இனிமேல் தண்ணீர் தொடக்கூடாது என்று மேட்டில் கட்டுகிற வீடுகள். அந்த மேடு செண்பகவல்லி கண்டுபிடித்த மேடு. அப்படி ஒரு மேடு அங்கே இருக்கிறதா இல்லையா என்பதுதான் வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

முப்பது மீட்டர் தள்ளி குருவையா ஸ்டாஃபை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். நாலு மீட்டர் உயரத் தேக்குக் கட்டை, உடம்பெல்லாம் அளவுக் கட்டம். அவர் பிடிப்பார், இவள் மெஷின் கண்ணாடிக்குள் பார்த்து, குறுக்குக் கோடு கட்டையில் எந்த எண்ணில் விழுகிறதோ அதை எழுதுவாள். எண் கூடினால் பள்ளம், குறைந்தால் மேடு. தொழில் இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு வித்தையும் இல்லை. பதினோரு வருஷமாக அவர் பிடிக்க இவள் பார்க்கிறாள். நாள் முழுக்கக் கூடவே இருந்தாலும் பேசுவது பத்து வார்த்தை இருக்காது, இடையில் எப்போதும் முப்பது, நாற்பது, எண்பது மீட்டர். எல்லாம் கை ஜாடைதான். கையை இந்தப் பக்கம் நீட்டினால் கட்டையை இந்தப் பக்கம் சாய்ப்பார், உள்ளங்கையை மேலே உயர்த்தினால் கட்டையை அப்படியே தரையிலிருந்து தூக்குவார். தூக்குவது எதற்கென்றால், கட்டை ரொம்பக் கிட்டத்தில் நின்றால் கண்ணாடிக்குள் ஒரு சாண் துண்டுதான் தெரியும். கறுப்பு எண் தெரியும். அது எத்தனையாவது மீட்டர் என்று சொல்கிற சிவப்பு எண் கீழே எங்கேயோ நின்றுவிடும். கட்டையை மெதுவாகத் தூக்கினால் சிவப்பு எண் ஏறி வந்து கண்ணில் படும். பட்டதும் அந்த வரிக்கு எதிரே செண்பகவல்லி சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைப்பாள். ஆபீஸில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. சிலிண்டரை மூடினோமா என்று தெருமுனை வரை வந்தபிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிறவள், பார்த்துவிட்டு வந்து மறுபடியும் போகிறவள், சந்தேகப்பிராணி என்று வீட்டுக்காரரிடம் பட்டம் வாங்கியவள், புள்ளி வைக்காமல் இருப்பாளா? வைக்காமல் இருந்திருக்கிறாளே. ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு, எழுது. குருவையா நடக்கிறார். இரண்டாவது இடம். ஒண்ணு நாலு அஞ்சு. மூன்றாவது. கானல் அலைந்து எண்கள் நீந்துகின்றன, கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தாள், எழுதியதுதான் சரி. இப்போது மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்க்கிறாய், அன்றைக்கு எங்கே போச்சு உன் புத்தி?

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பழைய புத்தகத்தைத் தொடாமல் இருந்திருக்கலாம். இந்த ரோட்டு வேலைக்கு ஆரம்ப மட்டம் தேவைப்பட்டது, போன மாசியில் கண்மாய்க்காக மேடுபள்ளப் படம் போட அளந்து எழுதிய புத்தகத்தில் இருக்குமே என்று அலமாரியிலிருந்து உருவினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். பக்கம் புரட்டும்போது கண் தற்செயலாக ஒரு வரியில் நின்றது. ஒண்ணு புள்ளி ஆறு நாலு. தூரம் எட்டு மீட்டர். எதிரே புள்ளி இல்லை. மேலே கீழே கிட்டத்தில் எடுத்த வரிகளில் எல்லாம் சிவப்புப் புள்ளி அம்மை போட்ட மாதிரி இருக்கிறது, இந்த ஒரு வரியில் மட்டும் இல்லை. சுற்றிலும் இருந்த தூரத்து இடங்கள் எல்லாம் ரெண்டு ஆறு, ரெண்டு ஏழு, ரெண்டு அஞ்சு. இது மட்டும் ஒண்ணு ஆறு. ஒரு மீட்டர் உயரம். படத்தில் அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் கோடு வளைந்து வளைந்து ஒரு மேடாக முடிந்திருக்கிறது. மறந்தது புள்ளியை மட்டும்தானா, பார்க்கவே மறந்தோமா? பேனா எழுதாமல் போயிருக்கலாம். பக்கத்தில் வியர்வை பட்டு அழிந்திருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், அழிந்த தடம் இல்லை. அந்த நாள் கணக்கு கடைசியில் ஆரம்ப மட்டத்தோடு வந்து முட்டியிருக்கிறதே என்று பின்னால் புரட்டினாள். முட்டியிருந்தது, ஆறு மில்லி வித்தியாசம்தான், என்ஜினீயர் பக்கத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில்தான் இருக்கிறது வினை. மெஷினை மாற்றி வைக்கிற இடத்தில் எண் தப்பினால் கடைசியில் கணக்கு முட்டாமல் கழுத்தைப் பிடிக்கும். இடையில் போகிறபோக்கில் பார்த்து எழுதிய இடத்தில் தப்பினால் கணக்கு அதுபாட்டுக்கு முட்டும், ஒரு நாய் குரைக்காது. அந்த வரி அப்படிப் போகிறபோக்கில் எழுதிய வரி. அவள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

பத்தாவது இடம். ஒண்ணு அஞ்சு ஒண்ணு. ஞாபகம் வருகிறது, வராமல் என்ன. வரக்கூடாது என்று நினைக்கிறதெல்லாம் துளி பிசகாமல் வரும். மாசி மாதம், உச்சி வெயில். கரிசல் மண் பிளந்து கிடந்தது, பிளவில் ஸ்டாண்டின் கால் இறங்கிவிடும் என்று மெஷினை ரோட்டு மேலேயே வைத்திருந்தாள். ரோடு காட்டைவிட உயரம், சில இடத்தில் முழங்காலளவு, சில இடத்தில் இடுப்பளவு. குருவையா ரோட்டடியில் இறங்கி நின்றார். அதற்கு மூன்று நாள் முந்தி டிவிஎஸ்ஸிலிருந்து விழுந்து வலது தோளில் சவ்வு விலகி, முட்டைப் பத்து வைத்துக் கட்டுப் போட்டிருந்தார். லீவு போடுங்கள் என்றால் கேட்கவில்லை, வேறு ஆளை உங்களுக்கு அனுப்பினால் கட்டையைக் கோணலாய்ப் பிடிப்பான் என்றார். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை தூக்கச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கியதை மெஷினுக்கு மேலாகத் தலையை நீட்டி வெறுங்கண்ணால் பார்த்தாள். ரோட்டில் வாசித்த இடமெல்லாம் ஒண்ணில் ஓடிக்கொண்டிருந்தது, ஒண்ணு நாலு, ஒண்ணு அஞ்சு. இதில் கறுப்பு ஆறு தெரிந்தது. கை உயரப்போனது, உயரவில்லை. போதும், பாவம் மனுஷன், எட்டு மீட்டரில் இதென்ன பெரிய சந்தேகம் என்று கை தானே கீழே வந்து ஒண்ணு புள்ளி ஆறு நாலு என்று எழுதிவிட்டது. இரக்கம்! ஒரு நாள் ஒரு பொழுது இரக்கப்பட்டாள், அதற்கு இந்தக் கூலி. ஆனால் அப்படித்தான் நடந்ததா? இல்லை தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் புள்ளி மட்டும் விட்டுப்போனதா? நினைக்க நினைக்கக் குருவையா தூக்குகிற மாதிரியும் தெரிகிறது, தூக்காமல் நிற்கிற மாதிரியும் தெரிகிறது. மூன்று நாளாக இரண்டு படமும் மாறி மாறி ஓடுகின்றன, எது நிஜம் என்று சொல்ல ஆள் இல்லை.

பதினாலு. பதினைந்து. அந்தக் கண்மாய்ப் படம் போய்ச் சேர்ந்ததும் ஆபீஸில் என்ன கொண்டாட்டம். கண்மாய்க் கரையை உயர்த்தினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பார்க்கத்தான் அந்தப் படத்தையே கேட்டார்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கு இடம் தேடி அலைந்த அதிகாரிகள் படத்தைக் கண்டதும், தண்ணீர் ஏறாத திட்டு ரோட்டோரமாகவே கிடக்கிறதே என்று குதித்தார்கள். கூட்டத்தில் அவள் பேரைச் சொன்னார்கள். எழுந்து நின்று வணக்கம் போட்டாளே, முகமெல்லாம் பல்லாக. தப்பு என்றால் இப்போது போய் யாரிடம் சொல்வது? பொம்பளையை லெவலுக்கு அனுப்பினால் இப்படித்தான் என்பார்கள், அதைச் சொல்லத்தானே இருபது வருஷமாக வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வேலை போகும். போகட்டும், வேலையா பெரிசு. பெரிசுதான், இல்லையென்று யார் சொன்னது? சரி, சொல்லாமல் விட்டால்? மழை பெய்தால்தானே கண்மாய் நிறையும், நிறைந்தால்தானே தண்ணீர் இங்கே வரும். எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிறைகிற கண்மாய். பெய்யாமல் போய்விட்டால், இந்த ஐப்பசி பொய்த்துவிட்டால், தாயே, பெய்ய வேண்டாம்... செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனாவை நிறுத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். விதைப்புக்கு உழுது போட்ட காடு கண்ணுக்கெட்டிய தூரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணில் விளைந்த கம்பையும் உளுந்தையும் தின்று வளர்ந்தவள், மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். நாக்கு அழுகிப்போகும். யாராவது கேட்டுவிட்டார்களா என்று பயந்த மாதிரி அவசரமாக அடுத்த எண்ணை எழுதினாள்.

இருபதாவது இடத்தில் குருவையா கட்டையை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார், பையில் மோர் கொண்டுவந்திருந்தார். வலது கையால் நீட்டவில்லை, இடது கைதான். அந்தத் தோள் முழுசாகச் சரியாகவே இல்லை, அவரும் சொல்வதில்லை இவளும் கேட்பதில்லை. ரோட்டோரக் கருவேல நிழலில் நின்றபடியே அவர் பேச ஆரம்பித்துவிட்டார், பத்து நாள் பேச்சையும் ஒரே மூச்சில். பன்னிரண்டில் நாலாவது வீடு அவர் மகள் மாரீஸ்வரியுடையது, அது செண்பகவல்லிக்கும் தெரியும். சுவர் முடிந்ததாம், புதன்கிழமை தளம் போடுகிறார்களாம், பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கான்கிரீட் மிஷின் வருகிறதாம். மகள் நாலு நாளாக வேலைக்குப் போகாமல் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கிடக்கிறாளாம், விட்டால் அங்கேயே படுத்துக்கொள்வாளாம். நீங்கள் வந்துதான் முதல் சட்டியைக் கொட்ட வேண்டும் என்று மாரீஸ்வரி ஒரே பிடியாக நிற்கிறாளாம். செண்பகவல்லி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். புதன்கிழமை. இன்றைக்குத் திங்கள். தளம் விழுந்துவிட்டால் அப்புறம் யார் என்ன சொல்லி என்ன, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போதென்றால் சுவரைப் பிரிக்கலாம், கல்லாவது மிஞ்சும், வேறு இடம் கேட்கலாம். சொல், இப்பவே சொல். என்ன என்று சொல்வாய்? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டேன் என்றா? புள்ளிக்காக ஒருத்தி வீட்டை இடிக்கச் சொல்வாயா? ஒருவேளை எழுதியது சரியாக இருந்தால்? அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டையோடு நடந்தார். அவள் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

இருபத்தைந்து. இருபத்தாறு. பார்த்தால் தெரிந்துவிடும், அதுதான் வேதனை. ஒரே ஒரு நிமிஷ வேலை. மெஷின் ரோட்டில் நிற்கிறது, கட்டையை ரோட்டடியில் இறக்கி ஒரு தரம் தூக்கச் சொன்னால் முடிந்தது. சரியாக இருந்தால் இன்றைக்கு வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் இன்றைய வேலைக்கு ரோட்டு மட்டம் மட்டும் போதும், கீழே பார் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்காவிட்டால் சந்தேகம்தான், பார்த்துவிட்டால் பாவம். சந்தேகத்தோடு ஒரு மனுஷி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடித்தனம் நடத்தலாம், அவளுக்குத் தெரியாதா. கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்றால், இந்தக் காட்டில் கண் ஒரு கழுதைக்கும் உதவாது. அந்த வீடுகள் மேட்டில் நிற்கிற மாதிரி பார்த்தால் மேட்டில் நிற்கின்றன, பள்ளத்தில் நிற்கிற மாதிரி பார்த்தால் பள்ளத்தில் நிற்கின்றன. மூன்று மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கரிசலுக்கு ஒரே முகம். இருபத்தேழு. கை ஈரமாகி ஃபோகஸ் திருகு வழுக்கியது, சேலைத் தலைப்பில் துடைத்தாள். மாரீஸ்வரி நாலாவது வீட்டுச் சுவரோரம் குடத்தோடு நின்றாள். இவளைப் பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு கையை ஆட்டினாள். செண்பகவல்லியும் ஆட்டினாள். குருவையா இருபத்தெட்டாவது அடையாளத்தில் ரோட்டு நடுவே கட்டையை நிறுத்தினார். பார்த்தாள், ஒண்ணு நாலு மூணு, எழுதினாள். அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லிக் கையை அசைக்க வேண்டும். கை போகவில்லை. அவர் காத்திருந்தார். என்னவோ ஏதோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு இருபத்தெட்டுக்கு நடந்தாள், ரோட்டோரமாகக் கால்களை மிதித்து இறுக்கினாள், கீழே என்று கையைக் காட்டினாள்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சரிவில் இறங்கி, முதல் வீட்டுக்கு இந்தப் பக்கம், யாரும் தொடாத வெறும் மண்ணில் கட்டையை வைத்தார். கண்ணாடிக்குள் ஒரு சாண் கட்டை தெரிந்தது. கறுப்பு ஆறு. ஆறுக்கு மேலே மூன்று கட்டம். அதே எண், ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே. இதுவரைக்கும் பார்த்தால் போதும் என்று உள்ளே ஒன்று சொன்னது, அதே குரல், அன்றைக்குச் சொன்ன அதே குரல், போதும் பாவம் மனுஷன் என்றது. செண்பகவல்லி உள்ளங்கையை மேலே உயர்த்தினாள். கட்டை மெதுவாக எழுந்தது. ஐந்து போனது, நாலு போனது, கட்டை நடுங்கியது, மூன்று, இரண்டு, ஒன்று, நின்றது, மறுபடியும் எழுந்தது. சிவப்பு வந்தது. இரண்டு.

இரண்டு என்றால் இரண்டுதான். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள், இரண்டு. கானல் ஒன்றும் இல்லை, வெயில் தாழ்ந்துவிட்டது, எண் அசையாமல் நின்றது. மூன்று நாளாக ஓடிய இரண்டு படத்தில் ஒன்று அணைந்துபோனது. குருவையா கட்டையைத் தூக்காமல் நிற்கிறார், இவள் எழுதுகிறாள். மேடு இல்லை. சுற்றி எப்படியோ அப்படித்தான் இதுவும். கண்மாய் நிறைந்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும், பன்னிரண்டு அடுப்பும் நனையும். உள்ளே என்னென்னமோ ஓடும் என்று பயந்திருந்தாள், ஒன்றும் ஓடவில்லை, காலி அண்டா மாதிரி இருந்தது. ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் குருவையா இன்னும் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார். அவளுடைய உள்ளங்கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கச் சொல்ல மறந்திருக்கிறாள். அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் துடிக்க, ஜாடைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். கையைக் கீழே போட்டாள். மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

படத்தில் எழுதியது தப்பு என்று சொன்னாள். இங்கே மேடு கிடையாது, ஒரு மீட்டர் கூட்டி எழுதிவிட்டேன், யார் தப்பும் இல்லை என் தப்பு என்று சொன்னாள். சொல்லும்போது குரல் ஆபீஸில் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி வந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. குருவையா கட்டையின் அடியில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தார்.

"சின்னப்பிள்ளையில இந்த எடத்துல நான் எருமை குளிப்பாட்டியிருக்கேன் தாயி," என்றார். "மருமகப்பிள்ளை ஒத்தக் கால்ல நின்னாரு, இங்க தண்ணி நிக்கும், வேண்டாம்னு. நாந்தான் சண்டை போட்டேன். எங்கம்மா மெஷின் வச்சுப் பாத்து மேடுன்னு எழுதியிருக்காக, ஒங்கண்ணு பெருசா அது பெருசான்னு கேட்டேன்."

அன்றைக்குக் கட்டையைத் தூக்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன் அண்ணாச்சி என்றாள். ஏன் என்றார். உங்களுக்குத் தோளில் கட்டுப் போட்டிருந்தது, வலிக்குமே என்று விட்டுவிட்டேன் என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"சொல்லியிருந்தாத் தூக்கியிருப்பேனே தாயி," என்றார்.

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. கட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு வீடுகளைப் பார்க்க நடந்தார். செண்பகவல்லி போனை எடுத்து என்ஜினீயர் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது வீட்டில் மாரீஸ்வரி அப்பாவைக் கண்டதும் என்னவோ சொல்லிச் சிரித்தாள், சிரித்தபடியே குடத்தைச் சாய்த்தாள், தண்ணீர் சுவரில் இறங்கிக் கறுப்பாய்ப் பரவியது. குருவையா அவள் பக்கத்தில் போய், குடத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்தார்.